மேலே ஏறும் கிட்டார்

அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பழைய பாட்டைத் துடைத்துப் புதுசாக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அதில் இருந்ததையும் பிடுங்கிவிடுகிற ஆட்கள் எங்கேயும் இருப்பார்கள். அமெரிக்காவில் மட்டும் இருக்க மாட்டார்களா என்று நினைத்தேன்.

வெட்டியது அவர்கள் இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவன். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தேன். கோபத்தை அது போய்ச் சேர வேண்டிய ஆளிடம் நேரத்தோடு சொல்ல எனக்கு வராது. எழுதும்போது யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

பாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தென்பக்கத்தில் இருந்து வந்த ஒரு பாட்டுக் கூட்டம் அது. நான் பிறந்த காலத்தில் பாடிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் பெயரை எனக்குச் சரியாக உச்சரிக்க வராது. எங்கள் வீட்டில் அவர்களுக்குத் தொப்பிக்காரர்கள் என்று பெயர். கேசட்டின் அட்டையில் ஆறு பேர் ஒரு கூட்ஸ் வண்டிப் பெட்டி பக்கத்தில் நிற்பார்கள். அதில் இரண்டு பேர்தான் தொப்பி போட்டிருந்தார்கள். ஆனாலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் கேசட் கப்பலில் வந்தது. என் மாமா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டினார். ஒரு மாலுமி அவரிடம் ஒரு பிளேயரைத் தள்ளிவிட்டுப் போனபோது அதற்குள் இந்தக் கேசட் இருந்தது. மாமாவுக்கு பிளேயர்தான் வேண்டும். அந்தக் காலத்தில் கப்பலில் வரும் கேசட்டுகளுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே கதிதான். மேலே இருக்கும் இரண்டு ஓட்டைகளை டேப் ஒட்டி அடைத்துவிட்டு, அதன் மேலேயே சினிமாப் பாட்டைப் பதிவு செய்துவிடுவார்கள். எந்த நாட்டுக்காரன் எத்தனை பாடுபட்டுப் பாடியது அப்படி அழிந்துபோனதோ தெரியாது. மாமாவும் டேப் ஒட்டி வைத்துவிட்டார். அடுத்த நாள் பதிவு செய்வதாக இருந்தது. அதற்கு முன் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று போட்டுப் பார்த்தேன். பிறகு அந்த டேப்பை உரித்து எறிந்துவிட்டேன்.

எப்படிச் சொல்வது? இரண்டு கிட்டார்கள். இரண்டும் ஒரே மெட்டை வாசிக்கும். ஒன்று கொஞ்சம் கீழே, ஒன்று கொஞ்சம் மேலே. நான் பிறகு இரும்பு மார்க்கெட்டுக்கு வேலைக்குப் போனபோது அதைக் கண்ணால் பார்த்தேன். நீளமான தகட்டை இரண்டு பேர் தோளில் தூக்கிப் போவார்கள். ஒருவன் உயரம், ஒருவன் குட்டை. கால் மட்டும் ஒன்றாக விழ வேண்டும். ஒருவன் அடி தப்பினால் இருவர் காலும் போய்விடும். அந்த இரண்டு கிட்டாரும் அப்படித்தான் நடந்து போகும். பின்னால் இரண்டு பேர் டிரம்ஸ் அடிப்பார்கள். ராயபுரம் மாதா கோயிலில் கேட்பது போன்ற ஒரு ஆர்கன் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். கேசட்டின் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில், எல்லாம் அடங்கின பிறகு ஒரு கிட்டார் மட்டும் தனியாக மேலே ஏறும். விரலில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு கம்பியின் மேல் இழுப்பார்களாம். கூட்ஸ் வண்டி வளைவில் திரும்பும்போது சக்கரம் கீச்சென்று இழுக்குமே, அப்படித் தொடங்கி ஏறி ஏறி, இனி மேலே இடமே இல்லை என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்று மெல்லிசாகி மறையும். அந்த இடத்துக்காகவே நான் பாட்டு முழுதும் கேட்பேன். கல்யாணத்துக்கு முன் கேட்டேன். மகள் பிறந்த பிறகு அவளை மடியில் போட்டுக்கொண்டு கேட்டேன்.

இது எங்கள் பக்கத்து ஆளுக்கு ஆகாத பாட்டு என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! நான் வேலை செய்யும் இரும்பு யார்டு ஆபீசில் கணக்கு எழுதுகிறவர் ஒருநாள் என் போனில் ஓடியதைக் கேட்டுவிட்டு, "உனக்கு இங்கிலீஷ் தெரியுமாப்பா?" என்று கேட்டார். தெரியாது என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நாள் முழுவதும் எரிந்தது. கிட்டார் என்ன இங்கிலீஷா பேசுகிறது? எங்கள் பேச்சை சினிமாவில் வைத்துச் சிரிக்கிறவர்களுக்கு நாங்கள் கானா கேட்டால் மட்டும் போதும். எனக்கு கானாவும் பிடிக்கும். சாவு வீட்டில் நல்ல கானா கேட்டு அழுதிருக்கிறேன். ஒருத்தனுக்கு ஒரு பாட்டுதான் என்று எவன் எழுதி வைத்தான்?

கூட வேலை செய்கிறவர்கள் மட்டும் என்ன? "இன்னா மாமு, நாயி ஊளையிடுது உன் போன்ல? கார்ப்பரேசன்காரனுக்கு சொல்லவா?" என்பார்கள். என் மனைவியும் அதே நாயைத்தான் சொல்வாள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வராது. அவர்கள் கேலி செய்துவிட்டு டீ வாங்கிக்கொடுப்பார்கள்.

வார்த்தைகளின் அர்த்தத்தை என் மகள்தான் பிறகு சொன்னாள். அவள் காலேஜ் படித்தவள். "பெரிசா ஒண்ணும் இல்ல நைனா. ரோட்டுமேல போறான். வூட்ட நினைச்சுகினே போறான். வூட்டுக்கு மட்டும் போக மாட்டேன்றான்" என்றாள். நானும் அப்படித்தான் ஏதோ நினைத்திருந்தேன். அட்டைப் படத்தை அவளிடம் காட்டினேன். ஆறு பேரில் டிரம்ஸ்காரர் ஒருவர் கறுப்பர். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்தாலே சண்டைக்கு வருகிற ஊர்கள் இருந்தன என்று அவள் போனில் படித்துச் சொன்னாள். வியாசர்பாடியில் பிறந்தவனுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு அந்தப் படத்தை பீரோ கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கேசட்டை ஒருநாள் பிளேயர் தின்றுவிட்டது. நாடா வெளியே வந்து சுருண்டு கிடந்தது. பென்சிலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், பயனில்லை. அதற்குப் பிறகு பல வருஷம் அந்தப் பாட்டை நான் கேட்கவே இல்லை. என் போனில் அவர்களின் வேறு இரண்டு பாட்டுகளை யாரோ ஏற்றிக் கொடுத்திருந்தார்கள், அதோடு சரி. அந்தப் பல வருஷங்களும் நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடுகளோடுதான் இருந்தேன்.

மகள் வேலைக்குப் போன முதல் மாதம் எனக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தாள். கை நீளத்துக்கு இருக்கும் நல்ல ஸ்பீக்கர். அந்தப் பாட்டையும் எங்கேயோ தேடி எடுத்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் கறி வெந்துகொண்டிருந்தது. "நைனா, கண்ண மூடிகினு கேளு" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஆர்கன் வந்தது, இரண்டு கிட்டாரும் நடந்தன. டிரம்ஸில் மாட்டியிருக்கும் பித்தளைத் தட்டின் சத்தம் மட்டும் ஏதோ துணி போட்டு மூடினது போல இருந்தது. கடைசி இடம் வந்தது. கிட்டார் ஏறத் தொடங்கியது. ஏறியது. பாதியில் நின்றுவிட்டது.

"இன்னாமா, பாட்ட பாதில கட் பண்ணிகிறான்?"

"எங்க நைனா கட் பண்ணான்? ஓடிகினே கீது பாரு."

"போன்ல கோடு ஓடுது. கிட்டாரு எங்க?"

மறுபடி போட்டாள். மறுபடி பாதியில் நின்றது. இது பழைய பதிவு இல்லை, புதுசாகச் சுத்தம் செய்தது என்று போனில் இருந்ததைப் படித்தாள். அப்போதுதான் எனக்கு அந்தக் கோபம் வந்தது. பிறகு வேறு ஒரு பழைய பதிவைத் தேடிப் போட்டாள். அதிலும் அதே இடத்தில் நின்றது. அப்படியென்றால் ஸ்பீக்கர்தான் டூப்ளிகேட் என்று முடிவு செய்துவிட்டேன். எனக்குத் தகடு தெரியும். தட்டினால் நல்ல தகடா, உள்ளே விரிசல் விட்ட தகடா என்று சொல்லிவிடுவேன் என்ற திமிர் வேறு. ஸ்பீக்கரை ஒரு தட்டு தட்டிவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்ல, காலி டப்பா" என்றேன். பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

எம்.கே.பி. நகர் மெயின் ரோட்டில் வாங்கின கடைக்கே இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் பாட்டைப் போட்டுக் கேட்டார்.

"சோக்கா கேக்குது அண்ணே. இன்னா கம்ப்ளைன்ட்டு?"

"கடைசில ஒரு கிட்டாரு மேல போவும்பா..." என்றேன் மெதுவாக.

"அதான் போவுதே. காது கூசுதே அண்ணே, எம்மாம் மேல போவுது!"

டபாய்க்கிறான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மகளிடம் கத்தினேன். வெளியில் வாய் திறக்காதவன் வீட்டில்தானே கத்துவான். ஏமாளி என்றேன். காசு வந்ததும் கண்ணு தெரியலையா என்றேன். அவள் ஸ்பீக்கரை அட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு அழுதாள்.

என் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "யோவ், இன்னாத்துக்கு கொயந்தைய அழ வுடற? அந்த நாயி ஊளைய நானும் இருவது வருசமா கேக்கறேன். கடைசில கீச்சு கீச்சுனு வருமே, அது நல்லாத்தான் வந்துச்சு. சமையக்கட்டுல எனுக்கே கேட்டுச்சு."

"வரல."

"வந்துச்சுயா."

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. யார்டில் கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழே நிற்பவன் கத்துவது கேட்காது. அதனால் எல்லாம் கைதான். கை விரித்து மேலே இருந்தால் தூக்கிக்கொண்டே இரு என்று அர்த்தம். விரல்களை மூடினால் நிறுத்து. நான் பல வருஷமாக சிக்னல் காட்டுகிறவன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குழம்பு ஊற்றும்போது எங்கள் வீட்டில் யாரும் போதும் என்று சொல்லமாட்டோம். கையை மூடுவோம். என் மகளுக்குப் பேச்சு வருவதற்கு முன் இது வந்தது.

அவள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நைனா, மூணு பேரும் கை தூக்கலாம். கிட்டாரு கேக்கற வரிக்கும் விரிச்சு வெக்கணும். நின்னா மூடணும். நீ செவுத்த பாத்து நில்லு, எங்கள பாக்காத."

சுவரைப் பார்த்து நின்றேன். பாட்டு ஓடியது. கிட்டார் ஏறத் தொடங்கியதும் கையை விரித்துத் தூக்கினேன். ஏறியது. நின்றது. விரல்களை மூடினேன். பின்னால் அவர்களும் மூடியிருப்பார்கள், இப்போது ஒத்துக்கொள்வார்கள் என்று திரும்பினேன்.

இரண்டு கையும் விரிந்தே இருந்தன.

மனைவியின் கையில் மசாலா ஒட்டியிருந்தது. இருவரும் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அறையில் ஒரு சத்தமும் இல்லை. அந்த இரண்டு கையும் இறங்கவே இல்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு மகளின் விரல்கள் மூடின. அதற்கும் கொஞ்சம் பிறகு மனைவியின் விரல்கள். அப்புறம்தான் அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். என் கை எப்போதோ மூடிக் கீழே கிடந்தது.

அடுப்பில் கறி அடிப்பிடித்த வாசனை வந்தது.

அரசு மருத்துவமனையில் காதுக்குப் பரிசோதனை செய்தார்கள். சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அழுத்த வேலையே இல்லாமல் நான் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். டாக்டரம்மா நல்லவர். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "சத்தத்துல வேலை செய்யறவங்களுக்கு முதல்ல மேல் சத்தம்தான் போகும். பேச்சு கேட்கும், அதனால போனதே தெரியாது" என்றார். திரும்ப வருமா என்று மனைவி கேட்டாள். "போனது வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்திக்கணும்." பிறகு என்னைப் பார்த்து, "காதுக்குப் போட ஒண்ணும் தர்றதில்லையா உங்க இடத்துல?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு அந்தக் கண்ணாடி அலமாரி ஞாபகம் வந்தது.

எங்கள் யார்டு ஆபீஸ் சுவரில் ஒரு அலமாரி இருக்கிறது. அதற்குள் மஞ்சள் நிறத்தில் காதுக்கு மாட்டுகிற மூடிகள் வரிசையாகத் தொங்கும். மஞ்சள் ஹெல்மெட்டும் இருக்கும். பூட்டியிருக்கும். வெளியில் இருந்து அதிகாரிகள் பார்வையிட வருகிற அன்று காலையில் பூட்டைத் திறந்து ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனதும் சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவார்கள். அழுக்காகிவிடுமாம். எங்கள் காது பட்டால் அவர்களுடைய மூடி அழுக்காகிவிடும்!

இதில் எங்கள் ஆட்களின் கூத்தும் உண்டு. மறைக்கமாட்டேன். தகடு வாங்க வருகிறவர்கள் தட்டிக் கேட்டுத்தான் வாங்குவார்கள். தட்டிச் சொல்லத் தெரிந்தவனுக்கு மார்க்கெட்டில் மரியாதை. அதனால் காதை அடைத்துக்கொள்வது எங்களுக்கு அவமானம். எப்போதாவது ஒருவன் கை துடைக்கிற பனியன் வேஸ்ட்டைக் கிழித்துக் காதில் வைத்தால், "இன்னா நைனா, பொறந்த கொயந்தையா நீ? சளி புடிக்குமா?" என்று ஓட்டியே அதை எடுக்கவைத்துவிடுவார்கள். காதால் பிழைக்கிறவர்கள் காதைத் திறந்தே வைத்திருந்தோம். மேலே இருந்து தகட்டைத் தகட்டின் மேல் போடுவார்கள். கட்டிங் மிஷின் ஒருபக்கம், கிரைண்டர் ஒருபக்கம். அதன் நடுவில் நின்று நல்ல தகடு எது என்று கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்தத் திமிர் முதலாளிக்கு எத்தனை வசதி! அவர் எங்களைத் தடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

டாக்டரம்மாவைப் பார்த்த பிறகு நான் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். தினம் நினைத்தேன். ஆபீஸ் வாசல் வரை போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அவரிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று வாய்க்குள் பேசிப் பார்ப்பேன். நன்றாகத்தான் பேசுவேன். தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் அவரை வாயடைக்க வைத்துவிடுவேன். மறுநாள் காலையில் அவரைப் பார்த்ததும் வணக்கம் வைப்பேன்.

பிறகு பார்வையிடும் நாள் வந்தது. அலமாரி திறந்தது. எனக்கும் ஒரு மூடி கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டேன். உலகம் ஒரு அடி தள்ளிப் போனது போல இருந்தது. தகடு விழுந்தது, நெஞ்சில் மட்டும் இடித்தது. இத்தனை வருஷம் இது பத்தடி தூரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கியது என்று நினைத்தேன்.

அதிகாரிகள் போய்விட்டார்கள். சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து ஒவ்வொருவரிடமாக வாங்கி ஒரு சாக்கில் போட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் வந்து கையை நீட்டினார். நான் கழட்டவில்லை. அவர் சைகை காட்டினார், கழட்டு என்று. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி, "இது இருக்கட்டும் சார். எனுக்கு காது போயிகினு கீது" என்றேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், தீபாவளிக்கு எல்லார் வீட்டுக்கும் ஸ்வீட் அனுப்புகிறவர்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"யோவ், செவிடன் ஆனப்புறம் எதுக்குய்யா உனுக்கு இது? கேக்கறவனுக்கு குடுத்தாலும் புண்ணியம் கீது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வழக்கமான சிரிப்புதான். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

தூக்கிய பக்கத்தைக் காதில் சரியாகப் பொருத்தினேன். பக்கத்தில் கிரேன் செயினில் ஒரு தகடு நிமிர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. சம்மட்டியை எடுத்தேன். அடித்தேன். தொங்குகிற தகட்டை அடித்தால் சத்தம் எப்படி இருக்கும் என்று அந்த மார்க்கெட்டில் எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் அதை அப்படி அடிக்கமாட்டார்கள். சூப்பர்வைசருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது. மறுபடி அடித்தேன். அவர் வாய் திறந்து மூடியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கையை உயர்த்தி விரல்களை மூடிக் காட்டினார், நிறுத்து என்று. இத்தனை வருஷத்தில் அந்த சிக்னலை நான் ஒரு தடவைகூட மீறியது கிடையாது. மறுபடி அடித்தேன்.

அவர் சாக்கைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

அந்தக் காட்சியை நான் மறக்கப்போவதில்லை. எங்களுக்கு ஒருநாளும் அந்த இரண்டு கையும் சும்மா இருந்ததில்லை, பொத்திக்கொள்ள. ஒரு கையில் செயின் இருக்கும், ஒரு கையில் தகடு இருக்கும். அவர் கைகள் சும்மா இருந்தன, பொத்திக்கொண்டார். அவருக்கே அது தானாக வந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. அப்படியென்றால் சத்தம் காதைக் கொல்லும் என்று அவருக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது.

ஆபீசில் இருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரோ என் கையில் இருந்து சம்மட்டியைப் பிடுங்கினார்கள். கீழே கிடந்த சாக்கில் இருந்து மூடிகள் சிதறிக் கிடந்தன. கூட வேலை செய்கிறவர்கள் இப்போது சிரிக்கவில்லை. "இன்னா மாமு, நீயா?" என்று ஒருவன் கேட்டான். அதைத்தான் அவன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். "நீயா மாமு? மெய்யாலுமே நீயா?"

என்னை ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். நான் திரும்பிப் போனபோது அலமாரியில் பூட்டு இல்லை. பாதி மூடிகளும் இல்லை. அன்று சிதறியதை எங்கள் ஆட்கள் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். சிலர் மாட்டுகிறார்கள். சிலர் இன்னும் மாட்டுவதில்லை, மாட்டுகிறவனைப் பார்த்து, "ரேடியோல எந்த ஸ்டேசன் மாமு, இன்னா பாட்டு?" என்று கேட்கிறார்கள். சூப்பர்வைசர் என்னோடு பேசுவதில்லை. கைச் சைகைதான். வேலை நடக்கிறது.

இதை எழுதும்போது ஏதோ ஜெயித்தவன் போலத் தெரிகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஜெயிக்கவில்லை. அலமாரி திறந்ததால் என் காது திறக்கவில்லை. அந்தக் கிட்டார் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. அதை வாசித்தவர் எத்தனை வருஷத்துக்கு முன் எந்த ஊரிலோ உட்கார்ந்து வாசித்தார். கப்பல் ஏறி, டேப் ஒட்டி அழிக்கப்பார்த்த கைக்கும் தப்பி, என்னிடம் வந்து சேர்ந்தது. இத்தனை தூரம் வந்த ஒன்று, கடைசியில் பூட்டின அலமாரி ஒன்றால் என் வாசலில் நின்றுவிட்டது. இதற்கு நான் யாரையும் மன்னிக்கத் தயாரில்லை.

மகளிடம் மட்டும் பேசினேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுதவேண்டியதில்லை. ஸ்பீக்கர் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வெளியே போயிருந்தாள். நான் பாட்டைப் போட்டேன். கிட்டார் ஏறி, எனக்கு நின்றது. அணைக்கக் கை நீட்டினேன். சமையல்கட்டில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மனைவி, "யோவ், இன்னும் முடியலயா, கைய எடு" என்றாள். அதோடு விடாமல், கேட்பதைத் தன் குரலில் கீழே இறக்கி ம்ம் ம்ம் என்று முனகிக் காட்டினாள். எனக்குக் கேட்கிற உயரத்தில். நாய் ஊளை என்று இருபது வருஷம் சொன்ன வாய் அது.

கொஞ்ச நேரம் கேட்டேன். "தப்பு" என்றேன்.

"இன்னாது?"

"அங்க ஒருக்கா எறங்கிட்டு அப்பறமா ஏறும். நீ நேரா ஏர்ற."

"காது கேக்காதவன் எனுக்கு பாட்டு கத்துத்தர்றியா? வெங்காயத்த நீ வெட்டு, நான் போறேன்."

"போட்டுப் பாரு. எறங்கும்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவளே பாட்டைப் பின்னால் தள்ளிப் போட்டாள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்துக் குனிந்து கேட்டாள். கிட்டார் ஏறியது. எனக்கு நின்றது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாயா" என்றாள் மெதுவாக. "எறங்கறான்." பிறகு, "இப்ப ஏர்றான்."

அவள் கை தானாக மேலே போயிற்று, விரிந்து. வெங்காயத் தோல் ஒன்று உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அறையில் எனக்கு ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது மூடுகிற வரைக்கும் ஸ்பீக்கரைத் தொடவில்லை.